நீர்வழி நெறி

நிலவழியிற் செல்வோர்க்குச் சாலையுண்டு. அச்சாலைக்கு இருமருங்கும் எல்லையுண்டு. நீர்வழியிற் செல்வோர்க்கோ எத்திசையும் வழியே. ஆதலின், எத்திசையினின்றும் இடர் வருதல் கூடும். இதனை நன்கு உணர்தற்கு ஏற்ற இடம் மீஞ்சூரை அடுத்துள்ள கடற்பகுதியாகும்.

மீஞ்சூருக்குக் கிழக்கே காட்டுப்பள்ளியும், தென்கிழக்கே எண்ணூர்க் கழிமுகமும், வடக்கே பழவேற்காட்டு ஏரியும் உள்ளன. காற்றையும் துடுப்பையும் துணைக்கொண்டு கட்டுமரங்களும் பாய்மரப் படகுகளும் இந்நீர்ப்பரப்பில் நெடுங்காலம் இயங்கின. பின்னர்ப் பொறி பூட்டிய விசைப்படகுகள் பெருகின. 2001-ஆம் ஆண்டில் எண்ணூரில் பெருந்துறைமுகம் இயங்கத் தொடங்கிற்று; அதன்பின் காட்டுப்பள்ளியிலும் துறைமுகம் எழுந்தது. இங்ஙனம் சிறுகலமும் பெருங்கப்பலும் ஒரே நீர்ப்பரப்பில் எதிர்ப்படலாயின.

பாய்மரப் படகு காற்று வரும் திசையை நோக்கி நேரே செல்ல இயலாது. வலமும் இடமுமாக மாறிமாறித் திரும்பியே முன்னேறும். காற்று ஓய்ந்தால் அதன் வேகமும் ஓயும். விசைப்படகோ வேண்டிய திசையில் திரும்பும். வேண்டியபோது வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் இடந்தரும். எளிதில் விலகவல்லது எதுவோ, அதுவே விலகுதல் முறையன்றோ? ஆகவே, விசையால் இயங்கும் கலம் பாயால் இயங்கும் கலத்திற்கு வழிவிடுதல் வேண்டும் என்று உலக நாடுகள் 1972-ஆம் ஆண்டில் உடன்பட்ட கடல்விதிகள் கூறுகின்றன. அவை 1977-ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ளன.

எனினும், பாய்மரப் படகினர்க்கும் கடமையுண்டு. முன்செல்லும் கலத்தை முந்த முயலுங்கால் அவர்களே விலகிச் செல்லுதல் வேண்டும். குறுகிய கால்வாயினுள் மட்டுமே செல்லவல்ல பெருங்கப்பலின் வழியை மறித்தல் ஆகாது.

விடியற்காலையில் மீனவர் ஒருவர் பாய்விரித்துக் கரை திரும்புகின்றார் எனக் கொள்வோம். பக்கவாட்டில் ஒரு விசைப்படகு விரைந்து வருகின்றது. அதனை ஓட்டுவோன் முகம் திருப்பித் தோழரோடு உரையாடிக்கொண்டிருக்கின்றான். எதிர்வரும் கலம் நெருங்க நெருங்க, அது தோன்றும் திசைமட்டும் மாறாதிருப்பின், மோதல் நேரும் என்பது கடலோடிகள் அறிந்த குறி. மீனவர் அக்குறி கண்டு உரக்கக் கூவுகின்றார். பொறியின் ஓசையில் அவர் குரல் அமிழ்ந்துபோகின்றது. இறுதிக் கணத்தில் ஓட்டுவோன் கண்டு திருப்புகின்றான். படகுகள் மோதவில்லை, ஆயினும் விசைப்படகு எழுப்பிய அலை சிறுபடகினுள் புகுகின்றது. ஓட்டுவோனுக்கு அது நொடிப்பொழுதில் மறந்துபோகும் நிகழ்ச்சி. மீனவர்க்கோ வலையும் படகும் உயிரும் ஒருங்கே இழக்கத் தக்க இடையூறு.

பெருங்கலங்களும் இத்தகைய இடருக்கு விலக்கல்ல. 2017-ஆம் ஆண்டு சனவரி 28-ஆம் நாள், எண்ணூர்த் துறைமுகத்தை அடுத்த கடலில் கப்பல்கள் இரண்டு மோதின. கசிந்த எண்ணெய் கரையிற் படிந்தது. மீனவர் பிழைப்பு நலிந்தது. தொலைவிலுள்ளதைக் காட்டும் கருவிகள் பல இருப்பினும், காணவேண்டியவர் மனிதரே என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது.

எளியோரின் நலங்கருதி, 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், கரையிலிருந்து 3 கடல் மைலுக்கு அப்பாலேயே பெரிய விசைப்படகுகள் மீன்பிடித்தல் வேண்டும் என வரையறுத்தது. ஆயினும், சட்டம் சுக்கானைப் பிடிப்பதில்லை. சுக்கானைப் பிடிப்பது மனிதன் கையே. ஓயாது நோக்குதல், நெரிசலில் வேகந்தணித்தல், ஐயம் எழுந்தபோதே விலகுதல் ஆகிய மூன்றும் அக்கைக்கு உரிய கடமைகளாம்.

திருவள்ளுவர் மறதியின் தீமையை விளக்கப் பொச்சாவாமை என்று ஓர் அதிகாரமே வகுத்தார். வலிமை மிகுந்தோர்க்கே விழிப்பும் மிகுதியாக வேண்டும். விரைந்து செல்வது பொறியின் ஆற்றல். பிறர்க்கு வழிவிட்டுச் செல்வதே மனிதனின் பண்பு.