கம்பியூட்டர் அடிக்கடி நின்று போகிறதா? கடைக்குத் தூக்கும் முன் ஒரு கொப்பி எடுங்கள்



2020ஆம் ஆண்டு கொரோனாவினால் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்ட பிறகு, பிள்ளைகளின் படிப்புக்கென்று போனும் கம்பியூட்டரும் நம்முடைய லயங்களுக்குள்ளும் வரத் தொடங்கின. புதிதாக வாங்க வசதியில்லாதவர்கள் டவுனில் பழையது ஒன்றை வாங்கிக் கொண்டார்கள். வாங்கிய கொஞ்ச நாளிலேயே பலர் சொல்லும் குறை ஒன்றுதான்: "வேலை செஞ்சுக்கிட்டு இருக்கும்போதே அப்படியே நின்னுருதுங்க." இந்த இதழில் அதைப் பற்றித்தான் படிக்கப் போகிறோம்.

சில மாதங்களுக்கு முன்பு ஒரு தோட்டத்தின் மேற்கணக்கு லயத்துக்கு நாங்கள் போயிருந்தோம். அங்கே ஒரு தாய் எங்களைக் கூப்பிட்டு, "சீட்டுக் காசு போட்டு வாங்கினதுங்க ஐயா. புள்ள ஓ.எல். எடுக்கப் போற வருசம். அது டைப் பண்ணி வச்ச பாடமெல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு. அம்புட்டும் போயிருமோன்னு புள்ள அழுவுது" என்றார். கடையில் காட்டினார்களாம். பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல், "மதர்போர்ட் போயிருச்சு, மாத்தணும்" என்று சொல்லிவிட்டார்களாம். இன்னும் எத்தனை பேர் போட்டு அந்தக் காசைச் சேர்ப்பது?

அந்த வீட்டில் என்ன நடந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறோம். முதலில் பாடத்தைப் பார்ப்போம்.

1. உண்மையிலேயே நின்றுவிட்டதா?

திரை அசையாமல் நின்றால் உடனே சுவிட்சை அமத்தாதீர்கள். கீபோர்டில் கேப்ஸ் லொக் என்ற பட்டனை அமத்திப் பாருங்கள். பல கீபோர்டுகளில் அதற்கென்று சின்ன லைட் இருக்கும். அமத்தும்போது அந்த லைட் பற்றி அணைந்தால் கம்பியூட்டர் உயிரோடுதான் இருக்கிறது; ஏதோ ஒரு புரோகிராம் மட்டும் சிக்கிக்கொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

அப்படியென்றால் ஐந்து நிமிடம் பொறுத்திருங்கள். பிறகு கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று பட்டன்களையும் ஒன்றாக அமத்துங்கள். டாஸ்க் மேனேஜர் என்ற பட்டியல் வரும். சிக்கியிருக்கும் புரோகிராமைத் தெரிவு செய்து மூடிவிடலாம்.

லைட்டும் மாறவில்லை, மவுஸும் அசையவில்லை என்றால்தான் முழுதாக நின்றுவிட்டது என்று அர்த்தம். அப்போது வேறு வழியில்லை. பவர் பட்டனைப் பத்து வினாடி போல அமத்திப் பிடித்தால் அணைந்துவிடும். இது கடைசி வழி. இதையே பழக்கமாக்கிக்கொண்டால், எழுதிக்கொண்டிருந்த பாடம் பாதியில் கெட்டுப்போகக்கூடும்.

2. முதலில் பிள்ளையின் வேலையைக் காப்பாற்றுங்கள்

மறுபடி போட்டதும் செய்ய வேண்டிய முதல் வேலை, பாடங்களையும் படங்களையும் ஒரு பென் டிரைவில் பிரதி எடுப்பதுதான். கம்பியூட்டரின் உதிரிப்பாகம் எதையும் காசு கொடுத்து மாற்றலாம். பிள்ளை மூன்று மாதம் உட்கார்ந்து எழுதியதை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

பெட்டிக்குள்ளிருந்து "டிக், டிக்" என்று வழக்கத்தில் இல்லாத சத்தம் கேட்டால் இன்னும் அவசரம். அது ஹாட் டிஸ்க் கெட்டுப்போவதன் அடையாளமாக இருக்கலாம். பிரதி எடுத்து முடிக்கும்வரை வேறு எந்தச் சோதனையும் செய்ய வேண்டாம்.

3. கொப்பி எழுதுவோம்

வைத்தியரிடம் போனால் "எப்ப இருந்து காய்ச்சல்? ராத்திரியிலயா பகல்லயா?" என்று கேட்கிறார் அல்லவா? கம்பியூட்டருக்கும் அதேதான். ஒரு பழைய கொப்பியில் ஒரு வாரத்துக்கு இவற்றை எழுதுங்கள்:

நின்ற நாளும் நேரமும்.
போட்டு எத்தனை நிமிடத்தில் நின்றது?
அப்போது என்ன செய்துகொண்டிருந்தோம்?
என்ன சத்தம் கேட்டது? பெட்டியில் எந்த லைட் பற்றியது?
வீட்டில் வேறு என்ன நடந்தது? அடுப்பு எரிந்ததா, கேத்தல் போட்டார்களா, பல்பு மங்கியதா?

இதற்கு இங்கிலீஷும் வேண்டாம், கம்பியூட்டர் படிப்பும் வேண்டாம். எப்போது நிற்கிறது என்று தெரிந்தால் ஏன் நிற்கிறது என்பதில் பாதி தெரிந்துவிடும்.

4. கொப்பி என்ன சொல்கிறது?

(அ) போட்டுக் கொஞ்ச நேரம் கழித்தே நிற்கிறது. ஆறவிட்டால் மறுபடி ஓடுகிறது.

இது சூடு. கணக்குப் போடும் சில்லுக்கு மேலே உலோகத் தகடுகளும் ஒரு சிறிய ஃபேனும் இருக்கும். தகடுகளுக்கிடையில் தூசி அடைத்தால் காற்று போகாது. நம்முடைய வீடுகளில் விறகு அடுப்புப் புகையும் மலைநாட்டு ஈரமும் சேர்வதால், தூசி பிசுக்காக ஒட்டிக்கொள்கிறது. குளிருக்குக் கம்பளியால் மூடுவதுபோல் ஓடுகிற கம்பியூட்டரைத் துணியால் மூடி வைப்பதும், லெப்டொப்பை மெத்தை மேல் வைப்பதும் கூடாது.

துப்புரவு செய்யும் முறை: கம்பியூட்டரை நிறுத்தி, சுவரிலிருந்து பிளக்கைக் கழற்றுங்கள். பவர் பட்டனை ஒருமுறை அமத்தி விடுங்கள். இஸ்தோப்புக்குக் கொண்டுபோய்ப் பக்கத்து மூடியைத் திறங்கள். ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டு, காய்ந்த மெல்லிய பெயின்ட் பிரஷ்ஷால் தூசியைத் தட்டி எடுங்கள். ஈரத்துணி வேண்டாம். வாயால் ஊதவும் வேண்டாம், எச்சில் தெறிக்கும். மின்சாரம் உள்ளே வரும் பவர் சப்ளை பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் அதற்குள் ஆளை அடிக்கும் கரண்ட் தங்கியிருக்கும்.

துப்புரவு செய்தும் சூடு குறையாவிட்டால், சில்லுக்கும் தகட்டுக்கும் இடையில் பூசிய பசை காய்ந்திருக்கலாம். அதைப் புதிதாகப் பூச ஒரு திருத்துபவரிடம் கொடுங்கள். மதர்போர்ட் மாற்றும் செலவோடு பார்த்தால் இது சொற்பம்.

(ஆ) பல வேலைகளை ஒன்றாகத் திறந்தால் நிற்கிறது.

இது இடம் போதாமை. கொழுந்து மடுவத்தில் கணக்குப் பார்ப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவருடைய மேசைதான் ரேம். பின்னாலிருக்கும் அலுமாரிதான் ஹாட் டிஸ்க். மேசை சிறியதாக இருந்தால் ஒவ்வொரு புத்தகத்துக்கும் எழுந்து அலுமாரிக்குப் போய் வருவார். கொழுந்தோடு வந்தவர்கள் வரிசையில் காத்து நிற்பார்கள். நாம் "நின்னுருச்சு" என்று நினைப்பது பல நேரங்களில் இந்தக் காத்திருப்புத்தான்.

விண்டோஸ் 10க்கு 2 ஜி.பி. ரேம் போதும் என்று எழுதியிருக்கும். அது ஓடத்தான் போதும். வீடியோவும் பத்துப் பக்கமும் திறந்து வைத்தால் போதாது. தேவையில்லாததை மூடுங்கள். சி டிரைவ் நிறைந்திருந்தால் பழைய படங்களைப் பென் டிரைவுக்கு மாற்றிக் கொஞ்சம் இடம் விடுங்கள். ரேமைக் கூட்டுவதும், பழைய ஹாட் டிஸ்குக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. போடுவதும் நல்ல பலன் தரும்.

(இ) எந்த நேரம் என்றில்லை. சும்மா இருக்கும்போதும் நிற்கிறது, நீலத் திரை வருகிறது.

ரேம் துண்டைச் சந்தேகிக்கலாம். விண்டோஸ் தேடும் இடத்தில் மெமரி டயக்னொஸ்டிக் என்று இங்கிலீஷில் அடித்தால் ஒரு சோதனை வரும். அது கம்பியூட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டு ரேமைச் சோதித்துச் சொல்லும். ஈரத்தினால் ரேமின் பொன்னிறப் பற்களில் கறை பிடிப்பதும் உண்டு. பிளக்கைக் கழற்றி, பெட்டியின் உலோகத்தை ஒருமுறை தொட்டுவிட்டு, ரேமை ஓரத்தில் பிடித்துக் கழற்றி, அந்தப் பற்களை மெதுவான அழிறப்பரால் இலேசாகத் துடைத்து மறுபடி இறுக்கமாகப் பொருத்துங்கள்.

(ஈ) ஃபைல் திறக்கும்போது நிற்கிறது. டிஸ்க் லைட் அணையாமல் பற்றிக்கொண்டே இருக்கிறது.

ஹாட் டிஸ்க் பலவீனப்பட்டிருக்கலாம். பிரதி எடுத்த பிறகு, சி டிரைவின் மேல் வலது பக்க மவுஸை அமத்தி, புரொப்பட்டீஸ், டூல்ஸ், செக் என்று போனால் பிழை பார்க்கும். பிழை திரும்பத் திரும்ப வந்தால் டிஸ்க்கை மாற்றுவதே புத்தி.

(உ) கேத்தல் போட்டால், பல்பு மங்கினால் நிற்கிறது அல்லது தானாக அணைந்து பற்றுகிறது.

இது கரண்ட் கரைச்சல். நமக்கு வர வேண்டியது 230 வோல்ட். ஒரே எக்ஸ்டென்ஷன் வயரில் கேத்தலும் அயனும் கம்பியூட்டரும் போட்டால் வோல்ட் இறங்கும், வயரும் சூடாகி நெருப்புப் பிடிக்கலாம். கம்பியூட்டருக்குத் தனிப் பிளக் கொடுங்கள். பெட்டியின் உலோகத்தைத் தொட்டால் சுள்ளென்று அடிக்கிறதென்றால் எர்த் சரியில்லை. எலெக்ட்ரிசியன் பார்க்கும்வரை போடாதீர்கள். பெட்டிக்குள் கப்பாசிட்டர் எனப்படும் சிறிய டப்பாக்களின் தலை வீங்கியிருந்தாலும் இப்படி நிற்கும். அதைத் திருத்துபவர் பார்க்க வேண்டும். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பின்னேரம் இடி இடிக்கும் முன்பே பிளக்கைக் கழற்றி விடுங்கள்.

(ஊ) புதிதாக ஒரு புரோகிராம் போட்டதிலிருந்து நிற்கிறது.

ஷிஃப்ட் பட்டனை அமத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுத்தால் விண்டோஸ் 10இல் ஒரு நீலப் பட்டியல் வரும். ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ், ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட் என்று போய், கடைசியில் 4ஐ அமத்துங்கள். இதற்கு சேஃப் மோட் என்று பெயர். மிகத் தேவையானவை மட்டுமே இதில் ஓடும். இதில் நிற்காமல் ஓடினால் கோளாறு பெரும்பாலும் சாமானில் இல்லை, போட்ட புரோகிராமில் இருக்கிறது. கடைசியாகப் போட்டதை நீக்குங்கள், வைரஸ் சோதனையும் செய்யுங்கள்.

5. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

இதுதான் பாடத்தில் முக்கியமான விதி. தூசி தட்டி, ரேம் மாற்றி, விண்டோஸும் புதிதாகப் போட்டு எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்தால், எது குணப்படுத்தியது என்று தெரியாது. மறுபடி நின்றால் மறுபடியும் எல்லாச் செலவும் வரும். ஒன்றைச் செய்யுங்கள், கொப்பியில் எழுதுங்கள், இரண்டு மூன்று நாள் ஓட்டிப் பாருங்கள். பிறகு அடுத்தது.

6. கடைக்குப் போக வேண்டி வந்தால்

கொப்பியையும் கையோடு கொண்டுபோங்கள். "எப்படிச் சோதிச்சுப் பார்த்தீங்க?" என்று மரியாதையாகக் கேளுங்கள். மாற்றிய பழைய சாமானைத் திருப்பிக் கேட்டு வாங்குங்கள். பில் இல்லாமல் காசு கொடுக்க வேண்டாம். கேட்பது நம் உரிமை. நல்ல திருத்துபவர் இதற்குக் கோபிக்க மாட்டார். பழைய கம்பியூட்டர் வாங்கப் போகிறவர்கள் இன்னொன்றையும் அறிந்திருங்கள்: விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14ஆம் திகதியும், விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியும் முடிந்துவிட்டன. விண்டோஸ் 11க்குக் குறைந்தது 4 ஜி.பி. ரேம் வேண்டும், மிகப் பழைய கம்பியூட்டர்கள் அதை ஏற்காது. காசு கொடுக்கும் முன் கடையிலேயே ஒரு மணித்தியாலம் ஓடவிட்டுப் பாருங்கள்.

அந்த வீட்டில் என்ன நடந்தது?

முதலில் பிள்ளையின் பாடங்களைப் பென் டிரைவில் எடுத்தோம். அதோடு அந்தப் பிள்ளையின் அழுகை நின்றது. பிறகு ஒரு வாரம் அவளே கொப்பி எழுதினாள். ஏழு தடவை நின்றிருந்தது. காலையில் போட்டால் நாற்பது நிமிடம் ஓடியிருக்கிறது. பின்னேரம் அடுப்பு எரியும் நேரம் இருபது நிமிடம்கூட ஓடவில்லை. அவளுடைய அப்பா ஸ்டோரில் வேலை செய்பவர். கொப்பியை வாசித்துக் காட்டியதும் அவர் சொன்னார்: "இது சூடுதாங்க. வாட்டுற இடத்துல ஃபேன்ல அடைச்சாலும் காத்து வராதுல்ல, அதே கதைதான்." அதுவரை கம்பியூட்டரைத் தொடவே பயந்த மனிதர் அவர்.

பிளக்கைக் கழற்றி மூடியைத் திறந்தோம். தகடுகளுக்கிடையில் கரும்பிசுக்கு, தகடே தெரியவில்லை. பெயின்ட் பிரஷ் ஒன்றுதான் செலவு. கம்பியூட்டரை அடுப்புப் பக்கமிருந்து ஜன்னல் பக்கம் மாற்றி வைத்தார்கள். இப்போது மாதம் ஒருமுறை தூசி தட்டுவது அப்பாவின் வேலை, பிரதி எடுப்பது மகளின் வேலை.

எல்லார் வீட்டிலும் இவ்வளவு இலேசாக முடியும் என்று நாங்கள் சொல்லவில்லை. சில நேரம் மதர்போர்டும் உண்மையில் கெட்டுத்தான் போகும். ஆனால் அதைத் தெரிந்துகொண்டு காசு கொடுப்பது வேறு, பயந்துபோய்க் கொடுப்பது வேறு.

வீட்டுப் பயிற்சி

பிள்ளைகளும் பெற்றோரும் சேர்ந்து விடை சொல்லுங்கள்.

1. திரை நின்றுவிட்டது, கேப்ஸ் லொக் லைட் மாறுகிறது. முதலில் என்ன செய்வீர்கள்?
2. பெட்டிக்குள் "டிக், டிக்" சத்தம். முதல் வேலை எது?
3. அயன் போடும்போதெல்லாம் நிற்கிறது. எதைப் பார்ப்பீர்கள்?

விடைகள்: 1. பொறுத்திருந்து, டாஸ்க் மேனேஜரில் சிக்கிய புரோகிராமை மூடுதல். 2. பாடங்களைப் பிரதி எடுத்தல். 3. வயர், பிளக், கரண்ட்.