24 ஷாட், 0 கோல்: ஃபுட்பால் மேனேஜர்ல அட்டாக்கை எப்படிக் கட்டுறது?

ஃபுட்பால் மேனேஜர் ஆடுற யாருக்கும் இந்த மேட்ச் ரிப்போர்ட் புதுசா இருக்காது. உங்க டீம் 24 ஷாட் அடிச்சிருக்கு, பொசெஷன் 65 சதவீதம். எதிர் டீம் மொத்தமே 2 ஷாட். ரிசல்ட் 0-1. கேம் ஏமாத்துதுன்னு திட்டிட்டு பெரும்பாலானவங்க அடுத்து செய்யுற வேலை ஒண்ணுதான். மென்டாலிட்டியை ‘வெரி அட்டாக்கிங்’ வரைக்கும் ஏத்துவாங்க, ஒரு மிட்ஃபீல்டரை எடுத்துட்டு இன்னொரு ஸ்ட்ரைக்கரை இறக்குவாங்க. அடுத்த மேட்ச்ல 30 ஷாட் வரும். கோல் மட்டும் வராது.

இன்னொரு வழி, யாரோ செஞ்சு வச்ச டாக்டிக்கை நெட்ல இருந்து டவுன்லோட் பண்ணுறது. அது தப்புன்னு சொல்ல வரலை, பல சமயம் ஜெயிக்கவும் செய்யும். ஆனா நீங்க டேபிள்ல மேல ஏற ஏற, எதிர் மேனேஜர்கள் உங்க டீமுக்குப் பயந்து பின்னால இறங்கி உட்கார ஆரம்பிப்பாங்க. அன்னைக்கு அந்த டாக்டிக் நின்னு போனா, எந்த நட்டை முறுக்கணும்னு உங்களுக்குத் தெரியாது, ஏன்னா அதை மாட்டினது நீங்க இல்லை. நாலு சீசன் பொத்திப் பொத்தி வளர்த்த சேவ் ஒரு போர்டு மீட்டிங்ல முடிஞ்சிரும். அதனால அட்டாக்கை நீங்களே கட்டக் கத்துக்கிறது நல்லது. இங்கே சொல்றதெல்லாம் எஃப்எம் 24-ஐ வச்சு. நம்ம பசங்க லேப்டாப்ல அதிகம் ஓடுறது அதுதான்.

முதல்ல ஷாட் கணக்கை விடுங்க

எத்தனை ஷாட்ங்கிறதை விட, எங்கிருந்து அடிச்ச ஷாட்ங்கிறதுதான் விஷயம். அதைச் சொல்றதுதான் எக்ஸ்ஜி. ஒரு ஷாட் கோலாகிற வாய்ப்பை 0-க்கும் 1-க்கும் நடுவுல ஒரு எண்ணா போடுவாங்க. பெனால்டிக்கு அது 0.75-லிருந்து 0.8 வரை இருக்கும். இப்போ உங்க 24 ஷாட்டுக்கு மொத்த எக்ஸ்ஜி 1.1-ன்னு வச்சுக்கோங்க. ஒரு ஷாட்டுக்கு 0.05 கூட வரலை. இருபது தடவை உதைச்சா ஒண்ணு போகலாம்ங்கிற தரத்துல மேட்ச் முழுக்க உதைச்சிருக்கீங்க. இதை துரதிர்ஷ்டம்னு சொல்ல முடியாது. 8 ஷாட்டுல 1.8 எக்ஸ்ஜி எடுத்த டீம்தான் நல்லா அட்டாக் பண்ணின டீம்.

மேட்ச் முடிஞ்சதும் ஷாட் மேப்பைத் திறந்து பாருங்க. புள்ளியெல்லாம் பாக்ஸுக்கு வெளியே சிதறிக் கிடந்தா, பந்து வச்சிருக்கிறவனுக்கு முன்னால பாஸ் கொடுக்க ஆள் கிடைக்கலைன்னு அர்த்தம். பாக்ஸுக்குள்ள அடிச்சும் பாதி ஷாட் பிளாக் ஆகியிருந்தா, அங்கே கூட்டம் அதிகம். முக்கால்வாசி ஹெட்டரா இருந்தா, உங்க டீம் வழி தெரியாம கிராஸ் போட்டுக்கிட்டே இருந்திருக்கு. மூணும் வேற வேற வியாதி, ஆனா மூணுக்கும் மென்டாலிட்டியை ஏத்துறது மருந்து இல்லை.

இடம் எங்கிருந்து வருது

டிஃபென்ஸ்ங்கிறது நாலு பேர் ஒரே கோட்டுல நிக்கிறது. அவங்க முன்னாடி நீங்க அஞ்சு பேரைக் கொண்டு போய் நிறுத்தினா அவங்களுக்கு ஒரு கஷ்டமும் இல்லை. ஆளுக்கு ஒருத்தரைப் பார்த்துக்கிட்டு நிம்மதியா நிப்பாங்க. அவங்களை ரெண்டுல ஒண்ணைத் தேர்ந்தெடுக்க வைக்கும்போதுதான் கஷ்டம் ஆரம்பிக்கும்.

2009 மே 2, ரியல் மாட்ரிட் ஸ்டேடியம் பெர்னபேயுல பார்சிலோனா 6-2-ன்னு ஜெயிச்ச மேட்ச் இதுக்கு ரொம்பத் தெளிவான உதாரணம். மெஸ்ஸி அதுவரை பெரும்பாலும் வலது பக்கம் ஆடிக்கிட்டிருந்தவர். அன்னைக்கு கார்டியோலா அவரை நடுவுல வச்சு, எட்டோவை வலது பக்கம் தள்ளினார், ஆன்ரி இடது பக்கம். ஸ்ட்ரைக்கர் இடத்துல இருந்த மெஸ்ஸி, மிட்ஃபீல்டுக்கு இறங்கி இறங்கி வந்தார். மாட்ரிட் செண்டர்-பேக்குகளுக்கு தர்மசங்கடம். பின்னாலேயே போனா முதுகுக்குப் பின்னால ஓட்டை, அங்கே ஆன்ரியும் எட்டோவும் ஓடி வருவாங்க. போகலைன்னா மெஸ்ஸி பந்தோட திரும்பி நிப்பார். அது எவ்வளவு ஆபத்துன்னு நான் சொல்லத் தேவையில்லை. மெஸ்ஸி 2, ஆன்ரி 2.

இதையே ஒரு முழு சீசனுக்கு மெஷின் மாதிரி ஓட்டினது 2018-19 லிவர்பூல். க்ளாப்போட அந்த டீம் லீக்ல 89 கோல் அடிச்சுது, 97 பாயிண்ட் எடுத்துது (அப்படியும் சிட்டி 98 எடுத்து கப்பைத் தூக்கிட்டுப் போனது தனிச் சோகம்). யார் எவ்வளவு அடிச்சாங்கன்னு பாருங்க. நடுவுல ஆடின ஃபர்மினோ 12, ஓரத்துல இருந்து வந்த சலாவும் மானேவும் ஆளுக்கு 22. ‘ஸ்ட்ரைக்கர்’ இடத்துல இருந்தவர்தான் மூணு பேர்ல கம்மி! ஏன்னா அவரோட வேலை கீழ இறங்கி செண்டர்-பேக்கை இழுக்கிறது. சலா, மானே வேலை அந்த இடத்துக்குள்ள ஓடுறது. அவங்க ரெண்டு பேரும் உள்ளே வந்துட்டா ஓரம் காலியாகும், அங்கே ஃபுல்-பேக்குகள் ஏறுவாங்க. அலெக்சாண்டர்-ஆர்னால்ட் 12 அசிஸ்ட், ராபர்ட்சன் 11. ஃபுல்-பேக் ரெண்டு பேரும் இவ்வளவு மேல போனா பின்னால யாருன்னு கேட்பீங்க. ஹெண்டர்சன், வைனால்டம், ஃபாபினியோ. அந்த மிட்ஃபீல்டுல கிரியேட்டிவிட்டியே இல்லைன்னு அப்போ நிறைய பேர் குறை சொன்னாங்க. அவங்க பக்கவாட்டுல ஓடி ஓடி ஓட்டையை அடைச்சதாலதான் மத்தவங்க நிம்மதியா மேல போக முடிஞ்சுது.

ஆக ஒருத்தர் இழுக்கணும், ஒருத்தர் ஓடணும், ஒருத்தர் காவல் நிக்கணும். உங்க டாக்டிக் ஸ்க்ரீன்ல ஒவ்வொரு ரோலையும் தொட்டு, இவர் இந்த மூணுல எதைச் செய்யுறார்னு கேளுங்க. பதில் வராத ரோல் சும்மா இருக்குன்னு அர்த்தம்.

கேம்ல போட்டுப் பார்ப்போம்

4-3-3, நடுவுல ஒரு டிஃபென்சிவ் மிட்ஃபீல்டர். ஸ்ட்ரைக்கருக்கு ‘ஃபால்ஸ் நைன்’ ரோல். இடது விங்ல வலது கால் ஆட்டக்காரர், ‘இன்சைட் ஃபார்வர்ட்’, அட்டாக் டியூட்டி. ஃபால்ஸ் நைன் இறங்குற நேரத்துல அந்த இடத்துக்குள்ள ஓடப் போறவர் இவர்தான், இவரை நம்பித்தான் கோல்.

வலது பக்கத்தை அப்படியே இதோட கண்ணாடி பிம்பமா வைக்காதீங்க. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தா ஓடுற ரெண்டு பேரும் ஒரே இடத்துல முட்டிக்குவாங்க, பந்தைப் பிடிச்சு வைக்க யாரும் இருக்க மாட்டாங்க. லிவர்பூல்ல சலா, மானே அளவு ஆளுங்க இருந்தாங்க, ஓடிச்சு. நம்மகிட்ட ஒரு ஓட்டக்காரன் இருந்தாலே பெரிய விஷயம். அதனால வலது விங்ல ‘இன்வெர்ட்டட் விங்கர்’, சப்போர்ட் டியூட்டி. அவர் பந்தை வாங்கி உள்ளே வந்து நிதானமா நிப்பார், வெளிப்பக்கமா ரைட்-பேக் ஏறிப் போவார். ரைட்-பேக்குக்கு ‘விங்-பேக்’ ரோல், அட்டாக் டியூட்டி. லெஃப்ட்-பேக்குக்கு அதே ரோல், ஆனா சப்போர்ட்.

ரைட்-பேக் விட்டுட்டுப் போன இடத்தை வலது மிட்ஃபீல்டர் பார்த்துக்கணும். அதுக்குன்னே இருக்கிற ரோல் ‘கரிலேரோ’. பேரு ஏதோ பிட்சா மாதிரி இருந்தாலும், அவர் வேலை பக்கவாட்டுல நகர்ந்து ஓட்டையை அடைக்கிறதுதான். இடது மிட்ஃபீல்டர் ‘பாக்ஸ்-டு-பாக்ஸ்’, சப்போர்ட். டிஃபென்சிவ் மிட்ஃபீல்டருக்கு டிஃபெண்ட் டியூட்டி, நகரவே கூடாது.

மொத்த டீம்ல அட்டாக் டியூட்டி ரெண்டே ரெண்டு பேருக்கு. கம்மியா தோணும். டியூட்டிங்கிறது ஒரு ஆள் எவ்வளவு சீக்கிரம் மேல போறார், எவ்வளவு ரிஸ்க் எடுக்கிறார்ங்கிற கணக்கு. அஞ்சு பேருக்கு அட்டாக் கொடுத்தா, பந்து உங்க செண்டர்-பேக் கால்ல இருக்கும்போதே அஞ்சு பேரும் எதிர் டிஃபென்ஸ் மேல போய் ஒட்டிக்குவாங்க. டவுன் பஸ்ல எல்லாரும் படிக்கட்டுல தொங்கிக்கிட்டு நடுவுல காலியா கிடக்கிற மாதிரி. நடுவுல பாஸ் வாங்க ஆளே இருக்காது. கடைசியில செண்டர்-பேக் நீளமா ஒண்ணைத் தூக்கி உதைப்பார், அதோட அந்த அட்டாக் முடிஞ்சுது.

இந்த செட்டப்புல கோல் எப்படி வரணும்? பந்து வலது பக்கம் இன்வெர்ட்டட் விங்கர்கிட்ட. எதிர் லெஃப்ட்-பேக் அவரை மூட உள்ளே வர்றார். வெளியே நம்ம ரைட்-பேக் ஃப்ரீ. அவர் லைன் வரைக்கும் போய் தரையோட ஒரு கிராஸ். இடது இன்சைட் ஃபார்வர்ட் தூரத்து போஸ்ட்டுக்கு வர்றார், செண்டர்-பேக்குகள் அவரோட பின்னால இறங்குறாங்க, பெனால்டி புள்ளிகிட்ட பாக்ஸ்-டு-பாக்ஸ் தனியா வந்து சேர்றார். உங்க டாக்டிக்குக்கும் இப்படி ஒரு கோலை முதல்லயே மனசுல ஓட்டிப் பாருங்க. ஓட்ட முடியலைன்னா கேமுக்கும் தெரியாது.

டீம் இன்ஸ்ட்ரக்‌ஷன் பத்தி ரொம்பச் சொல்ல ஒண்ணுமில்லை. கம்மியா வைங்க, ஒண்ணுக்கொண்ணு சண்டை போடாம வைங்க. ‘ஒர்க் பால் இன்டு பாக்ஸ்’ போட்டா அவசர ஷாட்டும் சீக்கிரக் கிராஸும் குறையும். அதோடவே டெம்போவை உச்சத்துல வச்சா, பொறுமையா இருன்னும் ஓடுன்னும் ஒரே வாயால சொன்ன மாதிரி. மேல சொன்ன செட்டப்புக்கு ‘லோ கிராஸஸ்’, வலது பக்கம் ‘ஓவர்லேப்’, மென்டாலிட்டி ‘பாசிட்டிவ்’. இது போதும்.

ஆளுங்களும் பொருந்தணும். ஃபால்ஸ் நைனுக்கு பாஸிங், விஷன், டெக்னிக் வேணும். இல்லைன்னா செண்டர்-பேக் பின்னாலேயே வர மாட்டார், தேவையில்லைன்னு விட்டுடுவார். ஓடுறவருக்கு வேகம் மட்டும் பார்க்காதீங்க, ‘ஆஃப் த பால்’ பாருங்க. வேகம் 17, ஆஃப் த பால் 8 இருக்கிறவர் தப்பான நேரத்துல தப்பான இடத்துக்கு ரொம்ப வேகமா ஓடுவார். ட்ரெய்ட்டையும் படிங்க. ‘தூரத்திலிருந்து ஷாட் அடிப்பார்’னு ட்ரெய்ட் இருக்கிறவரை இன்வெர்ட்டட் விங்கரா வச்சா, ஓவர்லேப் போற ரைட்-பேக் பாவம், ஓடி ஓடி வெறுங்காலோட திரும்புவார்.

பஸ் நிறுத்தி வச்ச டீம்

எதிர் டீம் பதினோரு பேரும் தங்க பாக்ஸ்கிட்ட குந்திட்டா மேல சொன்னதுல பாதி வேலை செய்யாது. காரணம் எளிசு. பின்னால ஓட இடமே இல்லை, அதனால ஃபால்ஸ் நைன் இறங்கினாலும் செண்டர்-பேக் கண்டுக்க மாட்டார். உங்க பாக்ஸ்ல ஆளும் குறையும். மென்டாலிட்டியை ஏத்தினா டெம்போ ஏறும், உங்க லைன் மேல போகும், எல்லாரும் கடைசி 30 மீட்டருக்குள்ள அடைஞ்சுக்குவாங்க. இருக்கிற கொஞ்ச இடமும் போச்சு.

இங்கே ரெண்டு விஷயம் செய்யலாம். ஃபால்ஸ் நைனுக்குப் பதிலா செண்டர்-பேக்குகளோட நின்னு அவங்களைப் பிடிச்சு வைக்கிற ஒரு ஸ்ட்ரைக்கர், ‘அட்வான்ஸ்டு ஃபார்வர்ட்’ மாதிரி. அப்போ டிஃபென்ஸுக்கு முன்னால இருக்கிற இடம் மிட்ஃபீல்டர்களுக்குக் கிடைக்கும். ரெண்டாவது, கேட்டா சிரிப்பீங்க, மென்டாலிட்டியை ‘பேலன்ஸ்டு’க்கு இறக்கி, டிஃபென்ஸ் லைனையும் ஒரு படி கீழே இறக்குங்க. பந்தை உங்க பாதியிலயே உருட்டினா எதிர் டீம் கொஞ்சமாவது வெளியே வரும். வந்த அடுத்த நிமிஷம் பின்னால இடம் இருக்கும். எஃப்எம்-ல மூணு டாக்டிக் வரைக்கும் ஒரே நேரத்துல பயிற்சி கொடுக்கலாம். ரெண்டாவது ஸ்லாட்டுல இதை ப்ரீசீசன்லயே போட்டு வைங்க. டிசம்பர்ல அவசரமா மாத்தினா ஃபெமிலியாரிட்டி பார் பாதியில நிக்கும்.

கோடை டீபக் பண்ணுற மாதிரி

அஞ்சு இடத்துல மாத்திட்டு ரன் பண்ணினா எது சரி செஞ்சுதுன்னு தெரியாது. இது நம்ம எல்லாருக்கும் லேப்ல தெரிஞ்ச விஷயம், கேம்ல மட்டும் மறந்துடும். ஒரு நேரத்துல ஒரு மாற்றம், மூணு நாலு மேட்ச் பொறுமை.

ஹைலைட்ஸ் மட்டும் பார்க்காதீங்க. அதுல ஷாட்டுல முடிஞ்ச அட்டாக்தான் பெரும்பாலும் வரும், நடுவுல செத்துப் போன அட்டாக் வராது. முதல் 15 நிமிஷத்தை முழு மேட்ச் மோடுல பாருங்க. பந்தைப் பார்க்காம, ஃபால்ஸ் நைன் இறங்கும்போது இடது விங் ஆள் என்ன செய்யுறார்னு மட்டும் பாருங்க. லேப்டாப்ல கிராஃபிக்ஸ் கார்டு இல்லையா, ‘2டி கிளாசிக்’ வியூ போடுங்க. 22 புள்ளி நகர்றதுல இடம் எங்க திறக்குதுங்கிறது 3டி-யை விடத் தெளிவா தெரியும். ஃபேனும் சத்தம் போடாது.

கடைசியா எஃப்எம் 26 ஆடுறவங்களுக்கு. எஃப்எம் 25-ஐ கம்பெனி ரத்து செஞ்சுட்டதால 24-க்கு அடுத்து வந்தது இதுதான். இதுல டியூட்டியே கிடையாது. பந்து நம்மகிட்ட இருக்கும்போது ஒரு ஷேப், இல்லாதபோது ஒரு ஷேப்னு தனித்தனியா கொடுக்கணும். அதனால மேல சொன்ன ‘சப்போர்ட், அட்டாக்’ கணக்கை அப்படியே தூக்கிப் போட முடியாது. பந்து நம்மகிட்ட இருக்கிற ஷேப்பைத் திறந்து, ஸ்ட்ரைக்கர் இறங்கினா அந்த இடத்துக்கு யார் ஓடுறார்னு தேடுங்க. யாரும் இல்லைன்னா முதல்ல மாத்த வேண்டியது இடது விங் ரோலைத்தான்.