கூட்டத்திலிருந்து தூக்கி வீசப்பட்டவர்

அன்புள்ள நண்பருக்கு,

அடிமை முறையை எதிர்த்த பெஞ்சமின் லே பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு, "நியாயம் அவர் பக்கம்தான். ஆனால் இப்படி எல்லோரையும் பகைத்துக்கொண்டால் யார் காது கொடுத்துக் கேட்பார்கள்?" என்று கேட்டிருந்தீர்கள். அவர் காலத்தவர்களும் இதையேதான் கேட்டார்கள்.

1738 செப்டம்பர். நியூஜெர்சியின் பர்லிங்டன் நகரில் குவேக்கர்களின் ஆண்டுக் கூட்டம். போரையும் ஆயுதத்தையும் ஏற்காத கிறிஸ்தவர்கள் அவர்கள். எளிய உடை, அமைதியான வழிபாடு. ஆனாலும் அவர்களில் வசதியான பலரின் வீடுகளில் அடிமைகள் இருந்தார்கள். நான்கடி உயரமும் கூன் முதுகுமாக லே எழுந்து நின்றார். மேலங்கியை உதறினார். உள்ளே ராணுவ உடை, இடுப்பில் வாள். சக மனிதனை அடிமையாக்குபவர்களின் ரத்தத்தைக் கடவுள் இப்படித்தான் சிந்துவார் என்று முழங்கியபடி, கையிலிருந்த புத்தகத்தில் வாளைச் செருகினார். சிவப்பாகப் பீறிட்டு அருகில் இருந்தவர்கள் மேல் தெறித்தது. புத்தகத்தின் உட்புறத்தைக் குடைந்து, காட்டுப்பழச் சாறு நிரப்பிய பை ஒன்றை ஒளித்து வைத்திருந்தார். அவரைத் தூக்கிக்கொண்டுபோய் வெளியே விட்டார்கள். அவர் திமிறவில்லை.

இந்தக் கோபம் பார்படோஸ் தீவில் பிறந்தது. 1718-ல் மனைவி சாராவுடன் அங்கே போய்க் கடை வைத்தார். கரும்புத் தோட்டத்து அடிமைகள் பசி பொறுக்காமல் கடையில் திருடினார்கள். லே அவர்களை அடித்திருக்கிறார். அவர்கள் படும் பாட்டை அருகில் இருந்து பார்த்த பிறகு அந்த அடி அவரை வாட்டியது. அடித்ததை மறைக்காமல் அடிமை முறையை எதிர்த்துத் தான் எழுதிய புத்தகத்திலேயே ஒப்புக்கொண்டார். பெஞ்சமின் பிராங்க்ளின் அதை அச்சிட்டார், ஆனால் அச்சிட்டவர் என்று தன் பெயரைப் போட்டுக்கொள்ளவில்லை. பிராங்க்ளினும் அடிமைகளை வைத்திருந்தவர்தான்.

பின்னாளில் பிலடெல்பியாவுக்குப் பக்கத்தில் அபிங்டனில், குகை போன்ற வீட்டில் லே வாழ்ந்தார். அடிமைகள் விளைவித்த சர்க்கரையைத் தொடவில்லை. உடுத்தும் துணிக்குத் தானே நூல் நூற்றார். புலால் உண்ணவில்லை, எவ்வளவு தூரமானாலும் குதிரை ஏறாமல் நடந்தே போனார். ஒரு குளிர்காலத்தில் வழிபாட்டுக் கூடத்தின் வாசலில், ஒரு காலைச் செருப்பும் உறையும் இல்லாமல் பனியில் புதைத்து நின்றார். உடம்புக்கு வந்துவிடுமே என்று போகிறவர்கள் பதறினார்கள். குளிர்காலம் முழுக்க அரைகுறை ஆடையோடு உங்கள் வயலில் வேலை செய்பவர்களுக்காக இப்படிப் பதறியதுண்டா என்று திருப்பிக் கேட்டார்.

குவேக்கர்கள் அவரைச் சபையிலிருந்து விலக்கினார்கள். 1758-ல் அதே குவேக்கர்கள் ஆண்டுக் கூட்டத்தில், அடிமைகளை வாங்கி விற்பவர்கள் மேல் நடவடிக்கை எடுப்பதென்று முடிவு செய்தார்கள். அந்தக் கூட்டத்தை அசைத்தது ஜான் உல்மன் என்ற குவேக்கரின் சாந்தமான பேச்சு. ஆக, பக்குவமாகப் பேசியவர்தான் ஜெயித்தார் என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் உல்மன் பர்லிங்டன் வட்டாரத்துக்காரர். லே வாள் உருவியபோது உல்மனுக்குப் பதினெட்டு வயதுகூட நிரம்பவில்லை. இருபது ஆண்டுகளாக ஒருவர் நிம்மதியைக் கெடுத்துக்கொண்டே இருந்த சபையில்தான் அவருடைய மென்மையான குரல் எடுபட்டது. மறு ஆண்டு, 1759-ல், லே இறந்தார். அடிமைகளை வைத்திருப்பவருக்கே சபையில் இடமில்லை என்ற விதி 1776-ல் வந்தது. அடையாளமில்லாமல் கிடந்த அவருடைய கல்லறைக்கு அபிங்டன் குவேக்கர்கள் கல் நாட்டியது 2018-ல்.

ஊரைப் பகைத்துக்கொள்பவர் எல்லோரும் லே ஆகிவிட முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பிறரிடம் கேட்ட விலையை அவர் முதலில் தன் கையிலிருந்து கொடுத்தார்: சர்க்கரை, குதிரை, சபை, நல்ல பெயர். அவ்வளவும் கொடுத்தவர் குரலை உயர்த்தினால், கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அன்புடன்.