மல்லிக்கட்டு வாங்கிய அன்றைக்கே

அன்புள்ள கயலுக்கு,

நீ போனில் சொன்னது இரண்டு நாளாக மனசிலேயே நிற்கிறது. ரசத்துக்கு ஒரு பிடி மல்லித்தழை கிள்ளிக்கொண்டு, மிச்சக் கட்டைக் கடையில் கொடுத்த பையோடு ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறாய். நாலாம் நாள் பார்த்தால் பைக்குள் கொழகொழவென்று கறுத்துக் கிடந்திருக்கிறது. "இருபது ரூபாய்தானே பெரியம்மா" என்றாய். ரூபாயை விடு. முந்தின நாள் யாரோ வயலில் குனிந்து பிடுங்கி, மண்ணை உதறிக் கட்டி, ராத்திரி லாரியேற்றி, விடியற்காலையில் கோயம்பேட்டில் இறக்கிய சரக்கு அது. காய் வாங்கினால் கொசுறாகக் கிடைப்பதாலேயே கறிவேப்பிலையையும் மல்லியையும் இளப்பமாக நினைக்கிறோம். இப்போதுதான் சொந்தமாக அடுப்பு மூட்டியிருக்கிறாய். அந்த இளப்பம் உனக்கு வரக்கூடாது என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள். பறித்த பிறகும் தழைக்கு உயிர் இருக்கிறது, அது மூச்சு விடுகிறது. சந்தையில் சாக்கில் திணித்து வந்த மல்லிக்குள் கையை விட்டால் வெதுவெதுவென்று இருக்கும். இலை தன்னிடம் இருக்கும் சர்க்கரையைச் செலவழித்து வெப்பத்தையும் ஈரத்தையும் வெளியே விடுகிறது. இருப்பு குறையக் குறையப் பச்சையம் சிதைந்து மஞ்சள் தட்டும். குளிர்ச்சி இந்த வேகத்தை மட்டுப்படுத்தும், அவ்வளவுதான். ஈரம் போனால் வாடும், இலைமேல் ஈரம் தங்கினால் அழுகும். ஆகவே இலையின் மேல் நீர் நிற்கக்கூடாது, இலையைச் சுற்றியுள்ள காற்று வறண்டும் போகக்கூடாது. உன் பையில் இருந்த மல்லிமேல் கடைக்காரர் தெளித்த தண்ணீர் அப்படியே இருந்தது. மூச்சில் வந்த ஈரமும் வெளியேற வழியில்லை. கெட்டதற்குக் காரணம் அதுதான்.

மல்லியை வாங்கி வந்தவுடன் கட்டைப் பிரித்துவிடு. வாழைநாரோ ரப்பர் பேண்டோ இறுக்கிய இடத்தில் தண்டுகள் நசுங்கி, இலைகள் கறுத்திருக்கும். அழுகல் அங்கிருந்துதான் பரவும். பழைய பருத்தித் துணி ஒன்றை விரித்து, தழையைப் பரப்பி, ஃபேன் காற்றில் அரைமணி நேரம் விடு. செய்தித்தாள் வேண்டாம். அதன் மை உணவில் ஒட்டும் என்பதால் உணவுப் பாதுகாப்பு ஆணையமே அதில் உணவுப்பொருளைப் பொதியக்கூடாது என்று அறிவுறுத்தியிருக்கிறது. இலையைத் தொட்டால் விரலில் ஈரம் ஒட்டாத பதம் வந்ததும் மஞ்சள் இலை, நசுங்கிய இலை எல்லாவற்றையும் ஆய்ந்து எடுத்துவிடு. இப்போதே கழுவவும் வேண்டாம், நறுக்கவும் வேண்டாம். சமைக்கும்போது எடுத்துக் கழுவினால் போதும்.

நம் பக்கம் மல்லி பெரும்பாலும் வேரோடு வரும். அந்த வேரை வெட்டி எறியாமல் மண் போக அலசி, ஒரு டம்ளரில் இரண்டு விரற்கடை தண்ணீர் விட்டு, வேர் மட்டும் முங்கும்படி நிறுத்து. மேலே ஒரு பையைத் தளர்வாகக் கவிழ்த்து ஃபிரிட்ஜில் வைத்து, ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீரை மாற்று. ஒரு வாரம், தழை நல்லதாக அமைந்தால் பத்து நாள்கூடப் பச்சையாக நிற்கும். நீயும் உன் தோழியும் பங்கிட்டுக்கொள்கிற ஃபிரிட்ஜில் டம்ளர் நிறுத்த இடமிருக்காது என்று தெரியும். அப்படியானால் வேரை நீக்கிவிட்டு, உலர்ந்த துணியில் தளர்வாகச் சுற்றி, மூடியுள்ள டப்பாவில் போட்டுக் காய்கறித் தட்டில் வை. துணி நனைந்தால் மாற்று. பின்சுவரை ஒட்டி வைக்காதே, அங்கே இலை உறைந்து கருகும். பழுத்த வாழைப்பழம், மாம்பழம், ஆப்பிள், தக்காளி பக்கத்திலும் வேண்டாம். அவை எத்திலீன் என்ற வாயுவை விடுகின்றன. பழத்தைப் பழுக்கவைக்கிற அதே வாயு தழையைச் சீக்கிரம் மஞ்சளாக்கிவிடும்.

புதினா மென்மையானது. அதை அழுத்திக் கசக்கினால் இலைக்குள் இருக்கும் நொதிக்குக் காற்றுப் பட்டுக் கறுத்துப்போகும். அதனால் டப்பாவில் அடைக்காமல் பரவலாக வை. ஆனால் புதினாவில் ஒரு வசதி உண்டு. இலையை ஆய்ந்தபின் கையில் மிஞ்சுகிற தண்டில் தடித்ததாக நாலைந்தை எடுத்துத் தண்ணீரில் நிறுத்தினால் ஒரு வாரம் பத்து நாளில் கணுவிலிருந்து வெள்ளை வேர் விடும். பால்கனியில் அகலமான தொட்டி ஒன்றில் நட்டுவிடு. காலை வெயில் மட்டும் பட்டால் போதும், மண் காயக்கூடாது. வேண்டியபோது நுனியைக் கிள்ளிக்கொள்ளலாம். மல்லித் தண்டு இப்படிப் பிழைக்காது. அதற்குத் தனியாவைத் தேய்த்து இரண்டாகப் பிளந்து விதைக்க வேண்டும்.

உலர்த்துகிற விஷயத்திலும் இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது. புதினாவை நிழலில் காயவைத்தால் வாசனை பெருமளவு தங்கும். நொறுக்கி ராய்த்தாவிலோ டீயிலோ போடலாம். மல்லித்தழையின் மணம் எளிதில் ஆவியாகிற ஆல்டிஹைடுகளால் வருவது. காய்ந்தால் மணம் போய்ச் சருகுதான் மிஞ்சும். மல்லியைக் காயவைத்துப் பாட்டிலில் அடைக்கும் வேலையில் இறங்காதே.

கறிவேப்பிலை இந்த மூன்றில் கெட்டிக்காரி. ஈர்க்கிலிருந்து உருவி, ஈரம் இருந்தால் துணியில் ஒற்றி, துணி விரித்த டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு வாரம் தாராளமாக இருக்கும். ஊருக்குப் போகிறாய் என்றால் ஃப்ரீசரில் போடு. வெளியே எடுத்து வைத்தால் கறுத்துத் துவளும், அதனால் உறைந்தபடியே தாளிக்கும் எண்ணெயில் போட வேண்டும். படபடவென்று தெறிக்கும், கொஞ்சம் தள்ளி நில். அதிகமாகச் சேர்ந்துவிட்டால் கழுவி, நிழலில் இரண்டு மூன்று நாள் காயவிட்டு, கையில் நொறுங்கும் பதத்தில் உளுத்தம்பருப்பு, மிளகு, மிளகாய், புளி, பெருங்காயத்தோடு வறுத்துப் பொடித்துக்கொள். வெயிலில் போட்டால் பச்சை வெளுத்து மணமும் குறையும். சூடான சோறு, நல்லெண்ணெய், அந்தப் பொடி. ஆபீஸிலிருந்து களைத்து வரும் ராத்திரிக்கு வேறென்ன வேண்டும்!

துளசியையும், உன் தோழி பாஸ்தாவுக்கு வாங்குகிற பேசிலையும் ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். குளிர் தாங்காமல் இலை கறுத்துவிடும். தண்ணீரில் தண்டு முங்க வெளியிலேயே நிறுத்துங்கள்.

இனி இந்தக் கடிதத்தில் நான் முக்கியமாக நினைப்பது. கட்டைப் பிரிக்கும் அன்றைக்கே எவ்வளவு மிஞ்சும் என்று கணக்குப் போட்டுவிடு. முக்கால் கட்டு மிஞ்சும் என்றால், அது பச்சென்று இருக்கும்போதே அரைத்துவிடு. நாலு நாள் வைத்து வாடியதை அரைத்தால் துவையலும் வாடலாகத்தான் இருக்கும். தண்டையும் சேர்த்து அரை, மணம் அதிலும் இருக்கிறது. துளித் தண்ணீர் விட்டு விழுதாக்கி ஐஸ் தட்டில் ஊற்றி, உறைந்ததும் கட்டிகளை ஒரு பையில் போட்டு மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் வைத்தால் இரண்டு மாதம் வரும். குருமாவுக்கும் சட்னிக்கும் ஒரு கட்டி போதும். மேலே தூவ மட்டும் உதவாது. உறையும்போது இலையின் செல்கள் உடைந்துவிடும், உருகினால் குழைந்துபோகும்.

தொக்கு செய்தால் இன்னும் நல்லது. தழையைக் கழுவி ஈரம் சுத்தமாகப் போக நிழலில் உலர்த்து. காய்ந்த மிளகாயையும் புளியையும் நல்லெண்ணெயில் வதக்கி, உப்பும் பெருங்காயமும் சேர்த்துத் தண்ணீர் விடாமல் தழையோடு அரை. பிறகு இன்னும் கொஞ்சம் நல்லெண்ணெயில் சுருளக் கிளறு, ஓரத்தில் எண்ணெய் பிரிய வேண்டும். புளியைக் குறைக்காதே. அந்தப் புளிப்புதான் கிருமியைத் தடுக்கிறது. ஆறியதும் கண்ணாடி பாட்டிலில் போட்டு ஃபிரிட்ஜிலேயே வை, ஈரக் கரண்டி வேண்டாம்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். பச்சை இலையையோ பூண்டையோ அரைத்து, புளிப்பு எதுவும் சேர்க்காமல், மேலே எண்ணெய் ஊற்றி வெளியில் வைக்காதே. செல்போன் வீடியோக்களில் அழகாகக் காட்டுவார்கள். எண்ணெய்க்கு அடியில் காற்று இல்லை. புளிப்பும் இல்லாவிட்டால் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியா அங்கே வளர்ந்து நஞ்சை உண்டாக்கும். வாசனையிலோ ருசியிலோ அது தெரியாது, ஆளையே கொல்லக்கூடியது. அப்படி அரைத்ததை ஃபிரிட்ஜில் வைத்து நாலு நாளுக்குள் தீர்த்துவிடு, இல்லையென்றால் உறையவை.

அடுத்த மாதம் அம்மா அங்கே வரும்போது கறிவேப்பிலைக் கன்று ஒன்று கொடுத்தனுப்புகிறேன். காரமடைப் பக்கத்துச் செங்காம்பு, காம்பு லேசாகச் சிவந்திருக்கும், மணம் அதிகம். நல்ல வெயில் படுகிற இடமாகப் பார்த்து வை. முதல் வருஷம் இலையை உருவாதே, நுனியை மட்டும் கிள்ளிவிடு, பக்கக் கிளை வெடிக்கும். மோர் புளித்துப்போனால் தண்ணீர் கலந்து அதற்கு ஊற்று. புதினா வேர் விட்டதும் போன் பண்ணு.

அன்புடன்,
பெரியம்மா