அரிசி விலையும் நம் வீட்டுச் சமையலும்

அரிசி விலை ஏறினால் மக்கள் உண்ணும் அரிசியின் அளவு குறையுமா, கூடுமா? குறையும் என்றே நம்மில் பலரும் விடை கூறுவோம். ஒரு பொருளின் விலை ஏறும்போது அதனை வாங்குவோர் கையைச் சுருக்கிக்கொள்வது இயல்பு. ஆயினும் நெல் விளைவிக்கும் குடும்பங்களில் இவ்விதி தலைகீழாக மாறுவதுண்டு. அதன் காரணத்தை அறிந்துகொண்டால், ரப்பர்த் தோட்டங்களில் வாழும் நம் குடும்பங்களின் உணவுச் செலவைப் பற்றியும் தெளிவு பெறலாம்.

விளைவித்து உண்போர்

கெடா, பெர்லிஸ் மாநிலங்களில் பரந்து கிடக்கும் மூடா சமவெளி நம் நாட்டின் நெற்களஞ்சியமாகும். மூடா, பெடு அணைகள் கட்டப்பட்டு, 1970ஆம் ஆண்டு முதல் அங்கே ஆண்டுக்கு இருபோக நெல் பயிரிடப்படலாயிற்று. 1970களில் அவ்வட்டார உழவர் குடும்பங்களின் வரவு, செலவு, உழைப்பு ஆகியவை பற்றி விரிவான கணக்கெடுப்பு நடைபெற்றது. அதில் கிடைத்த விவரங்களை ஆராய்ந்து, ஹோவர்ட் பார்னம், லின் ஸ்குவையர் என்னும் பொருளியல் அறிஞர் இருவர் 1979இல் தம் முடிவுகளை வெளியிட்டனர்.

நெல் விலை 10 விழுக்காடு ஏறுவதாகக் கொள்வோம். உழவரின் இலாபம் மாறாதிருக்குமானால், அவர் குடும்பம் உண்ணும் அரிசி அரை விழுக்காட்டுக்கும் குறைவாகவே குறையும். ஆனால் விலை ஏறும்போது இலாபமும் ஏறுகிறது. அந்த வரவையும் சேர்த்துக் கணக்கிட்டால், அக்குடும்பம் உண்ணும் அரிசி ஏறக்குறைய 4 விழுக்காடு கூடுகிறது! உழவர் விற்பவராகவும் உண்பவராகவும் ஒருங்கே இருப்பதே இதற்குக் காரணம். உண்பவராக அவர் அடையும் இழப்பைவிட விற்பவராக அவர் பெறும் ஆதாயம் மிகுதி. அதே கிராமத்தில் நிலமின்றிக் கூலிக்கு உழைப்பவருக்கோ இந்த ஆதாயம் நேரடியாகக் கிட்டுவதில்லை.

வாங்கி உண்போர்

தோட்டத் தொழிலாளராகிய நாமும் பயிர்த்தொழில் செய்பவர்களே. ஆனால் நாம் வெட்டும் மரத்தின் பாலை உண்ண இயலாது. அரிசி, பருப்பு, மீன், எண்ணெய் ஆகிய அனைத்தையும் நாம் காசு கொடுத்தே வாங்குகிறோம். அரிசி விலை ஏறுவதால் நம் சம்பளம் ஒரு காசும் ஏறுவதில்லை.

2023 ஜூலையில் பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதிக்கு இந்தியா தடை விதித்தது. அவ்வாண்டு செப்டம்பர் முதல் நாள், நம் நாட்டில் இறக்குமதி வெள்ளை அரிசியின் மொத்த விலை டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து 3,200 வெள்ளியாக உயர்ந்தது. உள்நாட்டு அரிசிக்கு 10 கிலோ 26 வெள்ளி என்னும் கட்டுப்பாட்டு விலை இருந்தும், பல கடைகளில் அது கிடைப்பது அரிதாயிற்று. இந்த ஏற்றம் கிலோவுக்கு 85 காசு. அது அப்படியே கடை விலையில் சேருமானால், மாதம் 30 கிலோ அரிசி வாங்கும் குடும்பத்துக்கு 25 வெள்ளி 50 காசு கூடுதலாகச் செலவாகும்.

இத்தொகை எங்கிருந்து வரும்? சோற்றைக் குறைக்க யாரும் துணிவதில்லை. ஆகவே மீன், முட்டை, பருப்பு, காய்கறி ஆகியவற்றிலேயே கைவைக்கிறோம். சோற்றுப் பானை நிறைந்தே இருக்கும். குழம்புச் சட்டியே மெலியும். வயிறு நிறைவதால் குறை வெளியே தெரிவதில்லை. அனைவருக்கும் பரிமாறியபின் மிஞ்சியதை உண்ணும் தாய்மாரும், வளரும் பிள்ளைகளுமே அக்குறையை உடலில் சுமக்கின்றனர். இரத்தச்சோகை இவ்வாறுதான் ஓசையின்றி வீட்டுக்குள் நுழைகிறது.

வருமானமும் உணவும்

வருமானம் குறையக் குறைய, அதில் உணவுக்குச் செல்லும் பங்கு கூடும் என்பதை எர்ன்ஸ்ட் எங்கெல் என்னும் ஜெர்மானியப் புள்ளியியல் அறிஞர் 1857இல் எடுத்துக்காட்டினார். பெல்ஜியத் தொழிலாளர் குடும்பங்களின் செலவுக் கணக்குகளே அவருக்குச் சான்றாயின.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். 2,000 வெள்ளி வருமானமுள்ள ஒரு குடும்பம் உணவுக்கு 1,000 வெள்ளி செலவிடுகிறது. 4,000 வெள்ளி பெறும் மற்றொரு குடும்பம் 1,400 வெள்ளி செலவிடுகிறது. உணவுப் பொருள்களின் விலை 10 விழுக்காடு ஏறினால், முதற் குடும்பம் தன் வருமானத்தில் 5 விழுக்காட்டை இழக்கும்; இரண்டாவது குடும்பம் இழப்பது மூன்றரை விழுக்காடே. விலையேற்றம் ஒன்றுதான், சுமை ஒன்றன்று.

நமக்கு வேறொரு சுமையும் உண்டு. ரப்பர் மரங்கள் இலையுதிர்க்கும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையிலான காலத்தில் பால் குறைகிறது. மழை நாள்களில் வெட்டு நின்றுவிடுகிறது. வரவு ஏறி இறங்கினாலும் வயிற்றின் தேவை மாறுவதில்லை.

நாம் செய்யத்தக்கவை

முதலாவதாக, ஒரு மாத உணவுச் செலவை எழுதி வைப்போம். அரிசி, கறிவகை, சர்க்கரையும் பானங்களும், கடைத் தின்பண்டங்கள் என நான்காகப் பிரித்து எழுதுவது நன்று. குறைக்க வேண்டி வந்தால் கடைசி இரண்டில் தொடங்குவோம். முட்டையிலும் பருப்பிலும் தொடங்க வேண்டா.

இரண்டாவதாக, இடமும் அனுமதியும் உள்ள தோட்டங்களில் லயத்தின் பின்புறம் முருங்கை, கீரை, வெண்டை ஆகியவற்றைப் பயிரிடுவோம். நாம் விளைவித்ததை நாமே உண்ணும் அளவுக்கு, மூடா உழவரைப் போன்று விலையேற்றத்தின் பிடியிலிருந்து விடுபடுகிறோம். விதைக்கும் உரத்துக்கும் ஆகும் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவதாக, நல்ல விளைச்சலுள்ள மாதங்களில் ஒரு சிறு தொகையை இலையுதிர் காலத்துக்கென ஒதுக்குவோம். பற்று வைத்து வாங்குபவர் விலை கேட்கத் தயங்குவார்; ரொக்கம் கொடுப்பவர் நாலு கடை விசாரித்து வாங்கலாம்.

சிக்கனம் மட்டுமே குறைந்த வருமானத்துக்கு மருந்தாகிவிடாது. ஊதியத்தைப் பற்றித் தொழிற்சங்கம் பேசும் வேளையிலும், எழுதி வைத்த வீட்டுக் கணக்கு வாய்ச்சொல்லைவிட வலிமை வாய்ந்த சான்றாகும்.

பயிற்சி

1. சென்ற மாத வருமானத்தில் உணவுக்குச் சென்ற பங்கு எத்தனை விழுக்காடு?
2. விலை ஏறியபோது நம் வீட்டில் முதலில் குறைந்த உணவு எது? அதனை உண்ணாமல் விட்டவர் யார்?