பரணில் கிடக்கும் லேபிள்

வீட்டை அழகுபடுத்தப் பழைய பொருள் வேண்டுமென்றால் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போ என்பார்கள். போகலாம், தப்பில்லை. ஆனால் சிவகாசிப் பக்கத்து ஏழாயிரம்பண்ணையில் இருந்துகொண்டு அத்தனை தூரம் போவதற்கு முன் சொந்தக்காரர் யார் வீட்டுப் பரணிலாவது ஒருமுறை ஏறிப் பார்த்துவிடலாம். நகரத்துக் கடைகளில் 'ரெட்ரோ' என்று பெயர் சூட்டி, கண்ணாடி போட்டு விற்கிற தீப்பெட்டி லேபிள் எங்கள் பக்கம் கட்டுக்கட்டாகக் கரையானுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தொழில் கற்றுவந்து, 1923-ல் சிவகாசியில் தீப்பெட்டி செய்யத் தொடங்கினார்கள். மரச்சில்லில் செய்த பெட்டிக்கு மேலே ஒட்டத் தனியாகக் காகித லேபிள் வேண்டியிருந்தது. அதை அடிக்க அச்சகங்கள் வந்தன. பிறகு அட்டைப்பெட்டி வந்தது. படத்தை அட்டையிலேயே அச்சடித்துவிட்டார்கள். ஒட்டாமல் மிஞ்சிய லேபிள் கட்டுகள் குடோன் மூலைக்கும் பரணுக்கும் போயின. நாம் தேடுவது அதைத்தான்.

ஒரு பழைய தீப்பெட்டி யூனிட்டில் லேபிள் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தபோது முதலாளி சிரித்தார். "எடுத்துக்கிடுங்க தம்பி, எப்படியும் அடுப்புக்குத்தான் போகணும்." "அண்ணாச்சி, இதை நான் சுவர்ல மாட்டப் போறேன்." "சாமி படம் வேணும்னா சொல்லுங்க, உள்ள நல்ல காலண்டர் கிடக்கு."

அந்தக் காலண்டரும் லேசுப்பட்டதல்ல. கோவில்பட்டியில் இருந்து வரைந்த சி. கொண்டைய ராஜுவும் அவர் சீடர்களும் போட்ட முருகனும் லட்சுமியும்தான் பல வீட்டுப் பூஜையறைக்கு முகம் கொடுத்தவர்கள். காலண்டர் கிடைத்தால் படத்தின் கீழ் ஓரத்தில் கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். சிலவற்றில் தேதித்தாள் கட்டுவதற்காக அந்த ஓரத்தையே வெட்டியிருப்பார்கள். ஆனாலும் வரவேற்பறைச் சுவருக்கு என் ஓட்டு லேபிளுக்குத்தான். காரணம் இருக்கிறது. லித்தோ அச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனியாக ஒரு கல் வேண்டும், பிற்காலத்தில் ஒரு தகடு. நிறம் கூடினால் செலவு கூடும். அதனால் மலிவுப் பெட்டிக்கு இரண்டு, மூன்று நிறத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். சிவப்புத் தளம், மஞ்சள் வட்டம், கறுப்பில் ஒரு சேவல், அவ்வளவுதான். நிழல் கிடையாது, நகாசு கிடையாது. 1950, 60-களில் செக்கோஸ்லோவாகியாவிலும் போலந்திலும் வந்த தீப்பெட்டி லேபிள்களை நவீன வடிவமைப்பு என்று இன்று கொண்டாடுகிறார்கள். எங்கள் கணக்குப்பிள்ளையின் சிக்கனமும் ஏறக்குறைய அதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறது. ஆகவே இரண்டு லேபிள் கையில் இருந்தால் நிறம் குறைந்ததை எடுங்கள். மஞ்சள் சற்று விலகிச் சிவப்பின் மேல் ஏறியிருந்தால் இன்னும் நல்லது.

வயதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம், பொடி எழுத்தைப் படித்தால் போதும். நயா பைசா என்று விலை போட்டிருந்தால் 1957-க்கும் 64-க்கும் இடைப்பட்டது. முகவரியில் 626 என்று தொடங்கும் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்கு முந்தியதாக இருக்க முடியாது. சாத்தூர், சிவகாசி முகவரியோடு 'ராம்நாடு டிஸ்ட்ரிக்ட்' என்று இருந்தால் பெரும்பாலும் 1985-க்கு முன்னால் அச்சானது. அந்த வருடம்தான் இந்தப் பக்கம் தனி மாவட்டம் ஆனது. பழசு மாதிரி புதிதாக அடித்து விற்பதும் உண்டு. அதற்கு ஒரு பூதக்கண்ணாடி போதும். கையால் கல்லில் புள்ளி வைத்த பழைய லித்தோவில் புள்ளிகள் ஒழுங்கில்லாமல் சிதறியிருக்கும். வரிசை பிசகாமல் சின்னச் சின்னப் பூப்போல் புள்ளிகள் சேர்ந்திருந்தால் அது பிந்தைய ஆஃப்செட்.

ஃபிரேம் போடுகிற இடத்தில்தான் விழிப்பு வேண்டும். சாமி படத்துக்குக் கண்ணாடி போடும் கடைக்காரர் பழக்கத்தில் முதுகு முழுக்கப் பசை தடவி அட்டையில் ஒட்டிவிடுவார். பக்கத்தில் நின்று தடுத்துவிடுங்கள். மேல் விளிம்பில் இரண்டே இடத்தில், மெல்லிய காகிதத் துண்டும் மைதாப் பசையும் வைத்துத் தொங்கவிட்டால் போதும். செலோடேப் கூடாது, லேமினேஷன் கூடவே கூடாது. கண்ணாடி லேபிளைத் தொடாமல் இருக்க நடுவில் அமிலமில்லாத அட்டையில் ஒரு சாளரம் வெட்டச் சொல்லுங்கள். லேபிள் தீப்பெட்டி அளவுதான் என்பதால் சுற்றிலும் தாராளமாக வெள்ளை விட்டால் எடுப்பாக இருக்கும். ஒரே ஃபிரேமில் முப்பது லேபிளை நெருக்கி அடைத்தால் கடை விளம்பரம்போல் ஆகிவிடும்.

வெயில் இன்னொரு எதிரி. சலூன்களில் பழைய சினிமாப் படங்கள் எல்லாம் நீலம் பாரித்துப்போய் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளிறிவிடுகின்றன. எங்கள் கரிசல் காட்டு வெயிலுக்குக் கேட்கவே வேண்டாம். நேர் வெளிச்சம் படாத சுவர், அதுவும் ஓதம் ஏறாத சுவராகப் பாருங்கள். அரிதான லேபிளாக இருந்தால் ஸ்கேன் செய்து பிரதியைச் சுவரில் மாட்டிவிட்டு அசலைக் கோப்பில் வைக்கலாம். பிரதியைப் பனியனிலும் கோப்பையிலும் அடித்து விற்க ஆசை வந்தால் மட்டும் யோசியுங்கள். பல பெயர்கள் இன்னும் உயிரோடிருக்கும் பதிவு பெற்ற வணிகச் சின்னங்கள்.

தீப்பெட்டியும் வெடியும் செய்கிற பக்கத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் விட முடியாது. லேபிளை எடுங்கள், வெற்றுப் பெட்டியை எடுங்கள், தீக்குச்சி மருந்தோ வெடிமருந்தோ இருப்பதை எடுக்காதீர்கள். குச்சியோடு கூடிய பழைய தீப்பெட்டி, பிரிக்காத வெடிப் பாக்கெட் எதுவும் கண்ணாடி அலமாரிக்கு வரக் கூடாது. குச்சி அடுக்கும் மரச்சட்டத்தைச் சாவி மாட்டவும் கடிதம் செருகவும் ஆசையாகக் கேட்கிறார்கள். மருந்து தோய்ந்து காய்ந்த சட்டம் என்றால் அழகைப் பார்க்காமல் விட்டுவிடுங்கள். மருந்தே படாத புதுச் சட்டம் சில இடங்களில் மிச்சமிருக்கிறது. அது மட்டும் வீட்டுக்கு ஆகும்.

சண்டிகர் அரசு அலுவலகங்கள் உடைசல் என்று கழித்துக்கட்டிய 1950-களின் தேக்கு நாற்காலிகள் வெளிநாட்டு ஏலத்தில் லட்சக்கணக்கில் போகின்றன. லேபிளுக்கு அப்படி விலை வரும் என்று நான் ஆசை காட்டவில்லை. குடோனைக் காலி செய்கிற முதலாளிகளிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன்: கட்டைப் பழைய பேப்பர்காரரிடம் போடுவதற்கு முன் ஒவ்வொரு ரகத்திலும் பத்துத் தாளை எடுத்து, எந்த யூனிட், எந்த அச்சகம், ஏறக்குறைய எந்த வருடம் என்று பின்புறம் பென்சிலால் எழுதி வையுங்கள்.