ஏவாத அசைவு

அன்புள்ள தம்பிக்கு,

12 மில்லிமீட்டர் தகட்டில் ஃபிளாஞ்சு வெட்டிக்கொண்டிருந்த பிளாஸ்மா டார்ச், மூன்றாவது துளைக்கு ஆர்க் பற்றிய கணத்தில் யாரும் ஏவாமலே ஒய் அச்சில் ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் விலகிப் போயிற்று என்றும், அதே புரோகிராமை மறுபடி ஓட்டியபோது பழுதின்றி வெட்டி முடித்தது என்றும், ஆகவே மோட்டாரின் டிரைவை மாற்றிவிட உத்தேசம் என்றும் எழுதியிருந்தாய். இதே சங்கடத்தில் உன் வயதுப் பிள்ளைகள் பலர் இருப்பதால் பதிலைப் பகிரங்கமாகவே எழுதுகிறேன். டிரைவை இப்போதைக்கு விட்டுவை.

தொழில் பழகிய நாட்களில் நானும் இப்படித்தான், முதலில் டிரைவையும் பிறகு மோட்டாரையும் அதன் பிறகு முதலாளியின் பொறுமையையும் மாற்றிப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் மாலையில், டார்ச் கேபிளோடு சிக்னல் கேபிளையும் சேர்த்து அழகாக டை போட்டுக் கட்டியிருந்தது என் கையே என்பதைக் கண்டுபிடித்தேன். மலைமேல் புகையைக் கண்டு நெருப்பை அனுமானிப்பது தர்க்க சாஸ்திரத்தின் பாலபாடம். நம் மேஜையில் புகைக்கும் நெருப்புக்கும் குறைவில்லை, அனுமானத்துக்குத்தான் பஞ்சம்.

அடுத்த தடவை டார்ச் விலகினால், சிவப்புப் பொத்தானை அமுக்கு. கையை டார்ச்சைத் தாங்கும் காண்ட்ரியின் பக்கம் கொண்டுபோகாதே. எதையும் ஹோமுக்கு அனுப்புவதற்கு முன், திரையில் காணும் எண்ணையும் டார்ச் நிற்கும் இடத்தையும் டேப் வைத்து ஒப்பிட்டுப் பார். திரையின் எண்ணும் டார்ச்சோடு கூடவே மாறியிருந்தால் அசைவு கன்ட்ரோலர் ஏவியது. அப்போது புரோகிராமில் தொடக்கப் புள்ளியிலிருந்து அளக்கும் ஜி 90 இருக்கவேண்டிய இடத்தில், நின்ற இடத்திலிருந்து அளக்கும் ஜி 91 விழுந்ததா, ஜாக் பொத்தான் ஒட்டிக்கொண்டதா என்று பார்ப்பது நியாயம். திரை சரியாக இருந்து டார்ச் மட்டும் இடம் மாறியிருந்தால், குற்றம் கன்ட்ரோலருக்குக் கீழே எங்கோ நிகழ்ந்திருக்கிறது; ஏனெனில் உன் மெஷினைப் போன்ற சாதாரண ஸ்டெப்பர் மேஜையில், கன்ட்ரோலர் பல்ஸை அனுப்புமேயன்றி மோட்டார் உண்மையில் எவ்வளவு சுற்றியது என்பதைத் திரும்பக் கேட்டறிவதில்லை.

இரண்டாவது ஓட்டத்தில் வேலை செம்மையாக முடிந்ததாலேயே புரோகிராமின் மீது எனக்குச் சந்தேகம் குறைந்துவிட்டது. புரோகிராமின் பிழை ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் வந்து நிற்கும். இனி பிளாஸ்மாவின் மின்சாரத்தை அணைத்துவிட்டு, டார்ச்சில் ஒரு பேனாவைக் கட்டி, தகட்டின் மேல் காகிதம் விரித்து, அதே புரோகிராமைப் பத்துத் தடவை ஓட்டு. கோட்டின் மேல் கோடு விழுந்தால் இயந்திரபாகம் நிரபராதி என்று ஏறக்குறைய தீர்மானிக்கலாம். விழாவிட்டால் பினியனின் கிரப் ஸ்க்ரூவைப் பார். ஷாஃப்டுக்கும் பினியனுக்கும் குறுக்கே மார்க்கரால் ஒரு கோடு கிழித்து வைத்தால் வழுக்கல் தானே காட்டிக்கொடுக்கும்.

ஆயினும் என் சந்தேகமெல்லாம் ஆர்க் பற்றும் அந்தக் கணத்தின் மேல்தான். உன் பிளாஸ்மா, உயர் அதிர்வெண்ணில் ஆயிரக்கணக்கான வோல்ட்டைப் பாய்ச்சி ஆர்க்கை எழுப்பும் ஜாதி. அதன் இரைச்சல் பக்கத்து ஒயரில் ஏறினால், டிரைவ் அதையும் கன்ட்ரோலரின் பல்ஸாகவே பாவித்து விசுவாசமாக அடியெடுத்து வைக்கும். மோட்டாரின் ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப், ஒவ்வொன்றையும் பத்தாகப் பிரித்தால் 2,000 பல்ஸ். ஒரு சுற்றுக்கு 60 மில்லிமீட்டர் நகரும் பினியனில் ஒரு பல்ஸுக்கு 0.03 மில்லிமீட்டர். எனவே உன் 9 மில்லிமீட்டர் என்பது 300 பொய்ப் பல்ஸ்தான். டார்ச் கேபிளை வேறு வழியாகக் கொண்டுபோ. சிக்னல் கேபிளின் கவசத்தைக் கன்ட்ரோல் பெட்டியின் பக்கம் மட்டும் எர்த் செய். மேஜை, பெட்டி, பிளாஸ்மா இவற்றின் எர்த்துகளைச் சங்கிலிபோல் ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கோக்காமல் ஒரே புள்ளியில் சேர். துருப்பிடித்த தகட்டில் கிளாம்பை மாட்டுகிற சோம்பலையும் விட்டுவிடு.

இசட் அச்சு மூலைகளில் திடீரென்று தாழ்கிறது என்ற உன் இரண்டாவது புகார், வாஸ்தவத்தில் புகாரே அல்ல. மூலையில் வேகம் குறைந்தாலும், முன்பே வெட்டிய கோட்டைக் கடந்தாலும் ஆர்க்கின் வோல்ட்டேஜ் ஏறும். உயரக் கட்டுப்பாடு டார்ச் உயர்ந்துவிட்டதாக எண்ணி அதைக் கீழே இறக்கும். வேகம் குறையுமிடத்தில் உயரக் கட்டுப்பாட்டைப் பூட்டிவைக்கும் அமைப்பு உன் மெஷினிலேயே இருக்கக்கூடும்.

ஒரு நாளில் ஒரு மாற்றம் மட்டுமே செய். பேனா ஓடிய காகிதத்தை மடிக்காமல் சுருட்டி அனுப்பு. டார்ச் எந்தத் திசையில் விலகியது என்பதையும் அதன் ஓரத்தில் குறித்துவிடு.

அன்புடன்,
உன் பழைய மேஸ்திரி